தொட்டிலும் தராசும்

தமிழில் குழவிப் பருவத்திற்கு வரலாறு எழுதப் புகுவோர் முதலில் திறக்க வேண்டிய ஏடு மருத்துவ நூலன்று, பாட்டியல் நூல். குழவியையும் பாடுபொருளாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியம் புறத்திணையியலில் இட்ட விதை, பெரியாழ்வார் காலத்தில் முளைவிட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் தனி நூலாகக் கிளைத்தது. அந்த இலக்கிய வகைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் பருவம் பத்து என்றார்கள். அதோடு நில்லாமல் எந்தப் பருவத்தை எந்தத் திங்களில் பாடுவது என்றும் கணக்கிட்டார்கள். மூன்றாந் திங்களில் தொடங்கி இருபத்தோராந் திங்கள் வரை, ஒற்றைப்பட்ட திங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் என்பது பெருவழக்கான கணக்கு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் தன் கவிதை இலக்கணத்தில் பச்சிளங் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் வாரியாகப் பதிந்து வைத்தது என்பது சிறிய செய்தியன்று.

நம் வட்டத்தில் பிள்ளைத்தமிழ் பாடியோரும் பாடம் சொன்னோரும் பலர் உளர். அவர்களுக்குப் பருவங்களை நான் விளக்க வேண்டியதில்லை. எனினும் இலக்கியச் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு, அப்பருவங்களில் குழந்தை என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒருமுறை நோக்குவோம். ஐந்தாந் திங்களில் ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைதூக்கி அசைகிறது, அது செங்கீரை. ஒன்பதாந் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது, அது சப்பாணி. பதின்மூன்றாந் திங்களில் அழைத்தால் தளர்நடையிட்டு வருகிறது, அது வருகை. இன்றைய குழந்தை மருத்துவர் தம் அறைச் சுவரில் தொங்கவிடும் வளர்ச்சி அட்டவணையோடு இதனை ஒப்பிட்டால், முற்பகுதியில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துச் செல்வதைக் காணலாம். பிற்பகுதியில் புலவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். இருபத்தோராந் திங்களில் சிறுதேரின் கயிற்றைப் பற்றி இழுப்பது இயல்பு. பத்தொன்பதாந் திங்களில் பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டைத் தேடிப்போய்ச் சிதைப்பது மூன்று நான்கு வயதுக் குறும்பே ஆகும். பத்து என்ற எண்ணை நிரப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

இதில் மேலும் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முற்பகுதிப் பருவங்களில் ஒன்றேனும் குழந்தை தனித்துச் செய்யும் செயலன்று. சப்பாணி கொட்டச் சொல்ல ஒருவர் எதிரே அமர்ந்திருக்க வேண்டும். முத்தம் கேட்க ஒருவர் வேண்டும். வருகைக்குக் கைநீட்டி நிற்பவர் வேண்டும். அம்புலிப் பருவத்தில் வானத்து நிலவை விளையாட வருமாறு அழைக்கும் செவிலி சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வாள் என்பது மரபு. அரசியல் நூலார் பகையரசனிடம் கையாளச் சொன்னவற்றை நிலவிடம் கையாளுகிறாள். குழந்தைக்கோ ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கெஞ்சுங் குரல், ஆசை காட்டுங் குரல், மிரட்டுங் குரல் ஆகியவற்றின் வேறுபாடு அதன் செவியில் ஏறிவிடுகிறது. மொழி கற்பதன் முதற்பாடம் பொருளில் இல்லை, குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது என்று இக்கால மொழியியலார் ஆய்ந்து கூறுவதை அச்செவிலி சோறூட்டும் வேளையில் செய்துகொண்டிருந்தாள்.

விளையாட்டுப் பொருள்களின் வரலாறும் பழையது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், உலரும் தானியத்தைத் தின்ன வந்த கோழிமேல் மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று உருளைச் சிறுதேருக்குத் தடையாகிக் கிடக்கிறது. அந்நகரத்தின் செல்வத்தைக் காட்டப் புலவர் இதனைச் சொன்னார் என்று உரைகாரர் கூறுவர். எனக்கோ காதணியைவிட அந்த மூன்று உருளைகளே பெரிதாகத் தோன்றுகின்றன. நம் வீடுகளில் நேற்றுவரை இருந்த நடைவண்டிக்கும் மூன்று உருளைகள்தாம். பெரும்பாணாற்றுப்படையோ அத்தகைய தேரைச் செய்து தரும் தச்சரையும், அதை உருட்டித் தளர்ந்த புதல்வர் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குவதையும் சேர்த்தே காட்டுகிறது. விளையாட்டும் பாலும் உறக்கமும் அங்கே ஒரே தொடரில் வருகின்றன. உணவூட்டல் ஒரு துறை, கற்பித்தல் ஒரு துறை, உறங்க வைத்தல் பிறிதொரு துறை என்ற பாகுபாடு பிற்காலத்தில் அலுவலகங்கள் செய்தது.

பெருமை பேசி இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவர் யாவர்? தெய்வம், அரசர், ஆசாரியர், வள்ளல். அவர்களுக்குச் செவிலி உண்டு, கிலுகிலுப்பை உண்டு, பொன்தொட்டில் உண்டு. நாற்று நடப்போன தாயின் குழந்தை வரப்போரத்து மரக்கிளையில் கட்டிய தூளியில் கிடந்தது. அதற்குப் பாடிய தாலாட்டுகளைப் பாடியவர் பெயர் நமக்குத் தெரியாது. அவை ஏட்டில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. அத்தூளியை ஆட்டியவள் பெரும்பாலும் ஆறேழு வயது அக்காள். இடுப்பில் தம்பியைச் சுமந்த அச்சிறுமியின் விளையாட்டுப் பருவம் யாருடைய பாட்டிலும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தையும் காணவில்லை. மழலையர் காப்பகம் என்ற செய்தி பெண்கல்வியோடு பிணைந்திருப்பதை நம் கல்வி வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் இச்சிந்தனை நூல்வடிவும் நிறுவன வடிவும் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஓராண்டு நிறையுமுன் தாயை இழந்தவர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் என்னும் ஜெர்மானியர். அவர் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தொடங்கிய நிறுவனத்திற்கு 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார்; குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். 1844-இல் அவர் வெளியிட்ட நூல் நம் போன்றோர் கவனத்திற்கு உரியது. தாய்மார் மடியில் வைத்துக் கொஞ்சும்போது பாடும் பாட்டுகளும், அவற்றோடு சேர்ந்த விரல் விளையாட்டுகளும், படங்களும் அடங்கிய தொகுதி அது. கல்விச் சிந்தனையாளர் ஒருவர் தம் கொள்கையைக் கொஞ்சுமொழிப் பாடல்களாகத் தந்தார். பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சமவுடைமையும் பரவ அவை வழிசெய்யும் என்ற அச்சம். குழந்தைகள் கைகொட்டி விளையாடுவதைக் கண்டு அரசு அஞ்சிய விந்தை ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் நீடித்தது. தடை நீங்கியதைக் காண ஃபிரோபெல் இல்லை, 1852-இலேயே காலமாகிவிட்டார்.

நம் மண்ணோடு நேரடித் தொடர்புடையது மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாறு. 1907 சனவரி 6-இல் உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ கண்டார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளிலும் தாழ்வாரங்களிலும் அலைந்த குழந்தைகளுக்காகத் தோன்றிய இல்லம் அது. 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அவர்களின் அழைப்பை ஏற்று, சில திங்கள் பயிற்சி வகுப்பு நடத்தும் நோக்குடன் மகன் மரியோவுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் அவ்வகுப்பில் பயின்றனர். அவர்களுக்காக ஓலைக் குடில்கள் எழுந்தன. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே இருவரும் பகைநாட்டுக் குடிகள் ஆயினர். மரியோ அகமதுநகரில் சிறைவைக்கப்பட்டார். அம்மையார் சபை வளாகத்தில் தங்கியிருக்கப் பணிக்கப்பட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31 அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசுப் பிரதிநிதியின் தந்தி, மகனை விடுவித்து அவரிடம் அனுப்புவதே தாம் தரக்கூடிய சிறந்த பரிசு என்ற கருத்தோடு வந்தது. இதில் ‘மகன்’ என்ற சொல்லின் கனத்தை அறிய ஒரு பழைய செய்தியை அறிய வேண்டும். 1898-இல் மணமாகாத நிலையில் ஈன்ற அக்குழந்தையை அம்மையார் தாமே வளர்க்க இயலவில்லை. அது நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. பதின்ம வயதில்தான் தாயோடு வந்து சேர்ந்தது. அதன் பின்னும் உலகத்தார்முன் அவர் நெடுங்காலம் உறவினராகவோ வளர்ப்பு மகனாகவோதான் அறியப்பட்டார். தம் குழந்தையின் செங்கீரையையும் தளர்நடையையும் அருகிருந்து காண வாய்க்காத ஒருத்தி, உலகத்துக் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொடுத்தார். இவ்வரலாற்றில் கவிஞர்க்குரிய பொருள் நிரம்ப உண்டு. தமிழில் இதை எவரேனும் பாடியதாக என் வாசிப்பில் தட்டுப்படவில்லை.

போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் அவர் சிலகாலம் வாழ்ந்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்தின அவர்க்கு அங்கே துணைநின்றார். பல வயதுக் குழந்தைகள் கூடிய சிறு பள்ளியொன்று அம்மலையில் நடந்தது. 1944-இல் இலங்கையிலும் அம்மையார் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதுவரை அவர் பணி பெரிதும் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றியதாக இருந்தது. பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள காலத்தின்பால் அவர் கருத்து ஆழ்ந்து சென்றது இந்திய ஆண்டுகளில்தான். அகமதாபாத்தில் ஆற்றிய விரிவுரைகள், ‘ஈர்த்துக்கொள்ளும் மனம்’ எனப் பொருள்படும் பெயரில் 1949-இல் அடையாற்றிலிருந்தே நூலாயின. தாய் போகுமிடமெல்லாம் அவள் உடலோடு ஒட்டிச் செல்லும் குழந்தை, சந்தையின் இரைச்சலையும் பேச்சையும் நிறங்களையும் வாரிப் பருகி வளர்கிறது என்பது அந்நூலில் அவர் வற்புறுத்தும் கருத்துகளுள் ஒன்று. இடுப்பில் ஏறிய குழந்தை நம் தெருக்களில் எங்கும் காணும் காட்சி. அதை அறிவுவளர்ச்சியின் நிலையமாகப் பார்க்க வேற்றுநாட்டு முதியவள் ஒருத்தி வரவேண்டியிருந்தது.

ஓரிடத்தில் அவரோடு மாறுபடாமல் இருக்க முடியவில்லை. மழலைக்குக் கட்டுக்கதையும் மாயக்கற்பனையும் ஊட்டுவதை அம்மையார் விரும்பியதில்லை. மெய்ப்பொருளைத் தொட்டறிந்த பின்னரே கற்பனை என்பது அவர் கட்சி. நிலவை அழைத்துச் சோறூட்டிய பரம்பரை இதை எளிதில் ஒப்பாது.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-இல் பவநகரில் பாலமந்திர் அமைத்து மாண்டிசோரி முறைக்கு இந்திய உடை உடுத்தினார். அவருடன் பணிபுரிந்த தாராபாய் மோடக் 1945-இல் மகாராட்டிரக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் நாட்டுப்புறக் குழந்தைகளிடம் அதைக் கொண்டுசென்றார். அழைத்தும் பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்தம் குடியிருப்பு முற்றத்திற்கே பள்ளி சென்றது. ‘அங்கன்வாடி’ என்ற பெயருக்கு மூலம் அம்முற்றம். அங்கணம் நம் அகராதியிலும் முற்றமே. ‘பால்வாடி’யின் கதை வேறு. ‘பால’ என்ற வடசொல் குழந்தையைக் குறிப்பது. தமிழர் நாவில் அது ‘பால்’ ஆகி, பால் கொடுக்கும் இடம் என்ற பொருள் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. சொற்பிழை என்று சிரித்துவிடலாம். பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது மக்கள் சரியாகத்தான் பொருள் கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

கடல் கடந்து போன தமிழரிடையே இக்கதை முன்னரே வேறு வகையில் தொடங்கியிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ‘பிள்ளைக் காம்பரா’, மலாயா இரப்பர்த் தோட்டத்தில் ‘ஆயாக் கொட்டகை’. வேலைக்கு வலுவிழந்த முதியவள் ஒருத்தியின் பொறுப்பில் குழந்தைகளை விட்டுத் தாய்மார் மலையேறினர், பால்மரம் வெட்டினர். தோட்டத்திற்கு வேண்டியது தாயின் இரு கைகள். அவற்றை விடுவிக்கவே அந்த அறை எழுந்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்தைக் கடமையாக்கின. தொழிற்சாலைச் சட்டத்தில் ஐம்பது பெண்டிர் என்றிருந்த வரம்பு 1976-இல் முப்பதாகக் குறைந்தது. வயலிலும் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் கூலிக்குச் சென்றவள் எந்த வரம்புக்குள்ளும் வரவில்லை. 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தொடங்கிய நடமாடும் காப்பகம் அக்குறையை முதலில் உணர்த்திற்று.

பள்ளிமுன் பருவக் குழந்தைகளைப் பற்றி ஆராய மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972-இல் அறிக்கை தந்தது. நாடகமும் விளையாட்டும் கல்வியின் வழிகள் என்று நம்பியவர் அவர். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்தார். அவ்வறிக்கையின் தூண்டுதலால், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கிற்று. ஊட்டம், தடுப்பூசி, மருத்துவம், முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டம். தமிழகத்தில் 1980-இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 சூலை முதல் நாளில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இரண்டு வயதுக் குழந்தையும் அதில் அடக்கம்.

ஊட்டச்சத்துத் திட்டத்தின் செயல்முறை இங்குச் சற்று விரித்துச் சொல்லத்தக்கது. ஆறு திங்கள் முதல் முப்பத்தாறு திங்கள் வரையுள்ள ஒவ்வொரு குழந்தையும் மாதந்தோறும் தராசில் தொங்கியது. எடை ஏறாது தளர்ந்த குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை, ஏறத்தாழ மூன்று திங்கள் அளவுக்கு. எடை தேறியதும் நிறுத்தம். அட்டையில் புள்ளிகள் இட்டுக் கோடு வரைந்து, கோடு மேலே போகிறதா என்று தாயிடம் காட்டினர். மிகச் சிக்கனமான, அறிவார்ந்த ஏற்பாடு. கடும் ஊட்டக்குறை கணிசமாகக் குறைந்ததை மதிப்பீடுகள் ஒப்பின. தமிழகத்தின் நற்பெயர்க்கு அது ஒரு காரணம். அதைக் குறைத்துப் பேசுவோர் பசியை அறியாதவர். ஆயினும் அந்த அட்டையில் சப்பாணிக்கு இடமில்லை. குழந்தை கைகொட்டிற்றா, அழைத்தால் திரும்பிற்றா, அதனோடு யார் பேசுகிறார் என்று கேட்கும் கட்டம் எதுவுமில்லை. தொட்டிலிலிருந்து இறக்கிய குழந்தையைத் தராசில் ஏற்றினோம். தொட்டிற்பாட்டை வாயிலில் விட்டுவிட்டோம்.

இதே ஆண்டுகளில் உலகின் மறுபுறத்தில், ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில், சாலி கிராந்தம் மெக்கிரெகர் என்னும் மருத்துவ ஆய்வாளர் ஓர் ஆய்வு தொடங்கினார். ஊட்டக்குறையால் வளர்ச்சி குன்றிய, ஒன்பது முதல் இருபத்து நான்கு திங்கள் வயதுடைய 129 குழந்தைகள். சிலர்க்கு ஊட்ட உணவு மட்டும்; சிலர்க்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேர விளையாட்டு மட்டும்; சிலர்க்கு இரண்டும்; சிலர்க்கு இரண்டும் இல்லை. சுகாதாரப் பணிப்பெண் வீட்டிற்கே சென்று, வீட்டிலேயே செய்யத்தக்க எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு, குழந்தையோடு விளையாடுவது எவ்வாறு என்று தாய்க்குக் காட்டினாள். ஈராண்டுகளில் உணவு, விளையாட்டு இரண்டுமே பயன் தந்தன. இரண்டும் பெற்றவர் நிலை இன்னும் சிறந்தது. ஆனால் குழந்தைகள் வளர வளர உணவால் மட்டும் பெற்ற அறிவுநலம் மங்கியது. விளையாட்டால் பெற்றது நிலைத்தது. இருபதாண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களுடையதைக் காட்டிலும் நூற்றுக்கு 25 மிகுதியாக இருந்தது. 2014-இல் இம்முடிவு வெளியானபோது பொருளாதார அறிஞர்களும் மழலையைத் திரும்பிப் பார்த்தனர். வருவாய்க் கணக்கு இல்லாமல் இவர்களுக்குத் தாலாட்டின் அருமை விளங்காது போலும்.

2018-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து, பேணி வளர்த்தலுக்கு ஐந்து கூறுகளை வகுத்தன. உடல்நலம், ஊட்டம், பாதுகாப்பு ஆகியவற்றோடு, குழந்தையின் குறிப்பறிந்து எதிர்வினை காட்டும் வளர்ப்பையும், தொடக்கக் கற்றலுக்கான வாய்ப்பையும் சமமாக வைத்தனர். காப்புப் பருவத்தில் பாதுகாப்பும், சப்பாணியில் எதிர்வினையும், அம்புலியில் கற்றலும் உண்டென்று பொருத்திக் காட்டி மகிழலாம். ஆனால் கும்பகோணத்து வயற்காட்டுக் கூலியின் குழந்தைக்கு அப்பொருத்தம் என்ன செய்யும்?

தமிழகத்தில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்பதே அமைப்பு. சமையல், பதிவேடு, எடை, தடுப்பூசி நினைவூட்டல் யாவும் அவர்கள் தலையில். 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட இயலாத பெற்றோர் அதனை விரும்பியதில் வியப்பில்லை. எழுத்து விரைந்து வந்தால் வாழ்வு விரைந்து வரும் என்று எண்ணுவது ஏழையின் உரிமை. ஆயினும் மூன்று வயதில் கையில் ஏறும் எழுதுகோல், மணலையும் களிமண்ணையும் வெளியே தள்ளிவிடுகிறது. மூன்று வயதுக்குட்பட்ட மழலைக்கென நடுவண் அரசு ‘நவசேதனா’ என்ற விளையாட்டுவழி வளர்ப்புச் சட்டகத்தை வெளியிட்டது 2024-இல்தான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாட்டுக்கு வருவோம். அழ. வள்ளியப்பா போன்றோர் குழந்தைப் பாடலைத் தமிழில் ஓர் இயக்கமாகவே வளர்த்தனர். அப்பாடல்களுள் பெரும்பாலானவை பள்ளிப்பிள்ளைக்கு உரியவை. ஒரு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து வீசப் பாடுவதும், மடியில் இருத்திச் சாய்ந்தாடப் பாடுவதும், உள்ளங்கையில் விரலால் பருப்புக் கடைந்து அக்குள்வரை நண்டு ஊரச்செய்து சிரிக்க வைப்பதும் இன்னும் பெயரறியாப் பாட்டிமார் தந்தவைதாம். ஊர்க்கு ஊர் அவை மாறும். நெல்லையில் கேட்டது கொங்கில் வேறு. அம்பாசமுத்திரத்து மரச்செப்பும் பனையோலைக் கிலுகிலுப்பையும் திருவிழாக் கடையிலேனும் கிடைக்கின்றன. இப்பாட்டுகளுக்குக் கடை இல்லை. நம் வட்டத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் எழுபது கடந்த பெண்மணியர் இருவரைக் கண்டு, மடியிலிருக்கும் குழந்தைக்கு அவர்கள் பாடுவதைப் பாடியவாறே, உடன் செய்யும் கையசைவையும் குறித்து எழுதி வரவேண்டும். ஃபிரோபெல் தம் நூலில் படமும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கையசைவு இல்லாமல் அப்பாட்டு பாதிதான். தொகுத்தவற்றை அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளரிடம் படித்துக் காட்டுவது எளிது. அவர்களில் பலர்க்கு அவற்றுள் சில முன்னரே தெரிந்திருக்கும். பதிவேட்டை மூடிவைக்க நேரம் கிடைக்காமல் பாடாதிருக்கிறார்கள்.